ஏழாம் நம்பர் டார்கெட்டில் ஐந்து ஓட்டைகள்

ஆயுதப்படைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்ல துப்பாக்கிப் பயிற்சி ஆசிரியை என்று உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்க நம்பிவிடாதீர்கள். பதினான்கு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்று ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பிரிப்பது, மாட்டுவது, துடைப்பது எல்லாம் உங்களுக்கு மைதானத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் வேகமாகச் சுடுவதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் கொடுத்தது த்ரீ நாட் த்ரீ. ஒரு குண்டு சுட்டால் போல்ட்டைத் திறந்து, இழுத்து, தள்ளி, மூடினால்தான் அடுத்த குண்டு. எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு மூச்சு விடலாம். போன குண்டு எங்கே போனது என்று பார்க்கலாம். பிறகு எஸ்.எல்.ஆர். வந்தது. அடுத்த குண்டை அதுவே ஏற்றிக்கொள்ளும். நமக்கு விரலை அழுத்துவது ஒன்றுதான் வேலை. அழுத்த அழுத்த வெடிக்கும். கையில் வாங்கிய முதல் நாள் யாருக்கும் ஒரு கிறுக்கு பிடிக்கும். எனக்கும் நன்றாகவே பிடித்தது.

அந்தக் கிறுக்கு என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் ஒற்றை யானை இறங்கிவிட்டது. வனத்துறை ஆட்களுக்குத் துணையாக எங்கள் ஐந்து பேரை அனுப்பினார்கள். நன்றாக விடிந்த பிறகுதான். எங்களில் ஒரு பையன், பெயர் வேண்டாம், இப்போது அவனுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், யானையைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்துச் சுட ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. யானை நின்றது. சத்தம் ஓய்ந்ததும் எங்கள் பக்கம் திரும்பியது. இவன் இன்னும் விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறான், துப்பாக்கி காலி. நான் போட்ட கத்தல் அவன் காதில் ஏறவே இல்லை. வனக்காவலர் ஒருவர் பட்டாசைக் கொளுத்திப் போட்டதால் இன்று நான் இதை எழுதுகிறேன். அப்புறம் எத்தனை சுட்டாய் என்று கேட்டேன். “நாலோ அஞ்சோதாங்க மேடம்” என்றான். மேகசினில் இருந்த இருபது குண்டையும் சுட்டிருந்தான். பொய் சொல்லவில்லை பாவம், அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவனைத் திட்டும்போது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. அதற்குக் காரணம் யானை இல்லை, ஷமீம்.

ஷமீம் என்னைவிட நாலு வயது சின்னவள். கிருஷ்ணகிரியில் அவள் அப்பா மாங்காய் மண்டி வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் போலீசுக்கு வந்த முதல் ஆள் அவள்தான். நான் கெலமங்கலத்துக்காரி, வீட்டில் தெலுங்கு. என்னிடம் அவள் தெலுங்கு கற்றுக்கொண்டாள், அதில் பாதி வசவுகள். ஒரே அறை, ஒரே பாரேட், ஒரே பஸ். மாநில எல்லையில் ஏதாவது தகராறு என்று பஸ்களை நிறுத்தினால் எங்களைத்தான் கொண்டுபோய் வெயிலில் நிற்க வைப்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் அவள் பக்கத்தில் இருந்தால் நேரம் போவது தெரியாது. மனசுவிட்டுச் சொல்கிறேன், என் கல்யாணத்திலும் பிள்ளைப்பேற்றிலும்கூட நான் அவ்வளவு சிரித்ததில்லை.

சுடுவதில் அவள் கெட்டிக்காரி. மெதுவாகச் சுடும் பயிற்சியில் அவளுடைய ஐந்து குண்டும் ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்கும். எனக்கு அந்தத் துப்பாக்கியின் உதைக்குப் பயம். தோள் கன்றிப்போய் உட்கார்ந்திருப்பேன். “அக்கா, அது உங்க மாமியார் மாதிரி. பயந்துகிட்டே கிட்டப்போனா உதைக்கத்தான் செய்யும். நல்லா இறுக்கிக் கட்டிப்புடிங்க, அடங்கிடும்” என்பாள். அவள் சொன்னபடி செய்துதான் சுமாராகச் சுட ஆரம்பித்தேன்.

மாவட்டத்திலிருந்து ஒரு பெண் காவலரைத் துப்பாக்கிப் பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நிஜமான ஆசை. வருகிற பெண்களெல்லாம் துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு அப்படி ஒரு ஆசையும் இல்லை. என் மகன் சின்னவன், படிப்பை முடித்தால் தலைமையிடத்திலேயே வேலை, பந்தோபஸ்துக்கு அலைய வேண்டாம். அது போதும் எனக்கு.

தேர்வு பர்கூர் பக்கம் ஒரு மலையடிவாரத்து ரேஞ்சில். டார்கெட்டுக்குப் பின்னால் பெரிய மண்மேடு, அதற்குப் பின்னால் குன்று. குன்றுக்கு அந்தப் பக்கம் கல்குவாரிகள். சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏற்றி, குவாரிகளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் வேலை நிற்காது, உளிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

மெதுவாகச் சுட்டதில் ஷமீம் முதலில் வந்தாள், அவளுக்கு அடுத்து நான். அடுத்தது வேகச் சுடுதல். விசில் ஊதியதிலிருந்து அடுத்த விசிலுக்குள் ஐந்து குண்டு. ஐந்தும் டார்கெட்டில் இருந்தால் தேர்வு, ஒன்று குறைந்தாலும் சிக்கல். பத்துப் பேர் வரிசையாகப் படுத்தோம். அவள் ஆறாம் நம்பர், அவளுக்கு வலது பக்கம் நான் ஏழு. ஒவ்வொருவர் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து கவனிப்பார். என் பின்னால் ஒரு ஏட்டையா. அதிகம் பேசாதவர், ஆனால் துப்பாக்கி விஷயத்தில் அந்த மாவட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

விசில் ஊதியது. பத்துத் துப்பாக்கியும் சேர்ந்து வெடித்தால் தலைக்குள் எதுவுமே மிஞ்சாது. என் முதல் மூன்று குண்டு நன்றாகப் போயிற்று, அது எனக்கே தெரிந்தது. பிறகு நேரம் போகிறதே என்று பதறினேன். உதைக்கப் போகிறது என்று முன்கூட்டியே தோளைச் சுருக்கிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுத்தேன். குழல் தாழ்ந்தது. எனக்கும் டார்கெட்டுக்கும் நடுவில் ஐம்பது கஜத்தில் ஒரு மண்திட்டு இருந்தது, கிட்டத்திலிருந்து சுடும்போது படுத்துக்கொள்ளப் போட்டது. அந்தத் திட்டில் செம்மண் புழுதி எழும்பியது. அடுத்த குண்டு, மறுபடியும் அதே இடத்தில் புழுதி. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

டார்கெட்டுக்கு நடந்து போனோம். ஏழாம் நம்பரில் ஐந்து ஓட்டைகள் இருந்தன.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் ஆறாம் நம்பரைப் பார்த்து “மூணு” என்று எழுதியபோதுதான் புரிந்தது. எஸ்.எல்.ஆர். மேலேயும் வலது பக்கமும் தூக்கும். வேகமாகச் சுடும்போது, தூக்கிய குழலை இறக்குகிற அவசரத்தில் கண் பக்கத்து டார்கெட்டில் போய் உட்கார்ந்துவிடும். நம்பரைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. ஷமீமின் இரண்டு குண்டு என் டார்கெட்டில் இருந்தது. நன்றாகக் குறிபார்த்துச் சுட்டவை, நடுவில் போய் உட்கார்ந்திருந்தன.

மெதுவாகச் சுட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் கொடி காட்டுவார்கள், இது யாருடையது என்ற கேள்வியே வராது. வேகமாகச் சுட்டால் ஓட்டைகளைப் பார்த்து ஊகிப்பதுதான். குண்டுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடும். இதைத்தான் பின்னாளில் வகுப்பு வகுப்பாகச் சொன்னேன், எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்லாமல்.

ஷமீம் தன் டார்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், “சார், பக்கத்து டார்கெட்டுல கூடுதலா ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஐந்தாம் நம்பரையும் ஏழாம் நம்பரையும் பார்த்தார். “ரெண்டுலயும் அஞ்சு அஞ்சுதாம்மா இருக்குது. உன்னுது மேட்டத் தாண்டிப் போயிருக்கும்.”

“மேட்டத் தாண்டியா?” என்றாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தேர்வு போனதற்காக என்றுதான் அப்போது நினைத்தேன்.

சுட்டு முடித்ததும் ஓட்டைகளின் மேல் காகிதத் துண்டுகளை ஒட்டி அடைத்துவிடுவார்கள், அடுத்த ஆள் சுட வேண்டுமே. ஏட்டையா மைதா பசை வாளியோடு என் டார்கெட்டுக்கு வந்தார். முதல் ஓட்டையை அடைக்கும் முன் என்னைப் பார்த்தார். “ஏம்மா, ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதா?”

அவர் என் பின்னால் உட்கார்ந்திருந்தவர். புழுதியை அவரும் பார்த்திருக்கிறார். எனக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது.

“இல்லீங்க ஏட்டையா” என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். ஒவ்வொரு காகிதமாகப் பசையில் நனைத்து ஒட்டினார். ஐந்தும் மூடும் வரை நான் நின்றேன். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு, பிள்ளைகளே. சுடுவதற்குத்தான் நேரம் கிடையாது, சொல்வதற்கு இருந்தது. அன்று மனசுக்குள் சந்தோஷமாகவும் இருந்தேன். இத்தனை வருடம் கழித்து அதையும் மறைத்தால் எழுதி என்ன பிரயோசனம்.

நாலு நாள் கழித்து ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “அக்கா, என்கூட பர்கூர் வரைக்கும் வர்றீங்களா? தனியா போக ஒரு மாதிரி இருக்கு.”

“இன்னாத்துக்கு?”

“அந்த ரெண்டு ரவுண்டு எங்க போச்சுன்னு பாக்கணும். அந்தாண்ட ஆளுங்க வேலை செய்றாங்கக்கா. யார் மேலயாச்சும் பட்டிருந்தா?”

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாளாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு குண்டை மட்டும்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் என் பெயருக்குப் படிப்புக்கான ஆர்டர் வந்திருந்தது. இப்போது சொன்னால் ஆர்டர் ரத்தாவதோடு நிற்காது, விசாரணை வரும் என்று பயந்தேன். அவளோடு பஸ் ஏறினேன்.

குவாரி குவாரியாக நடந்தோம். தண்ணீர் கேட்கிற மாதிரி போய்ப் பேச்சுக் கொடுத்தோம். மூன்றாவது இடத்தில், மாதப்பன் என்று ஒருவருக்குத் தோளில் அடிபட்டு வீட்டில் இருக்கிறார் என்றார்கள். நாங்கள் சுட்ட அதே நாள். ஷமீம் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள், அந்த நகக்குறி இரண்டு நாள் இருந்தது.

மாதப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். “கல்லு தெறிச்சிடுச்சும்மா. இருவது வருசமா ஒடைக்கிறேன், ஒரு நாளாச்சும் அது திருப்பி அடிக்காதா?” என்றார்.

“நிஜமாவே கல்லுதானாண்ணா? நல்லாப் பாத்தீங்களா?”

“பின்ன இன்னா, பூவா?”

அவர் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஷமீம் சிரிக்கவில்லை. வரும் வழியில், “குவாரில அடிபட்டா வெளிய சொல்லக் கூடாதுன்னு மொதலாளி மெரட்டியிருப்பாங்க. இல்லாட்டி போலீசுன்னு பயந்துகிட்டுச் சொல்லலை” என்றாள். கல்லுதான், விடு என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டோம்.

நான் படிப்புக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவள் துப்பாக்கி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து கன்ட்ரோல் ரூமுக்குப் போயிருந்தாள். மாதப்பன் வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். ரம்ஜானுக்குப் பிரியாணி, சீசனுக்கு மாம்பழம், அவர் பெண்ணைப் பள்ளியில் சேர்க்க அலைச்சல். அந்த வீட்டில் அவளை இன்னொரு மகளாகவே நினைத்தார்கள். நல்ல மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். அது என்ன மனசு என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. நான்தான் விலகினேன். அவள் “அக்கா, சாப்ட்டீங்களா?” என்று கேட்டால் வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவேன். பார்க்காமல் இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன், பார்க்காமல் இருந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மைதானத்தில் பெண்கள் துப்பாக்கியைக் கண்டு மிரளும்போது, மாமியாரைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி பிடிங்கம்மா என்று சொல்வேன். சிரிப்பார்கள், பயம் போய்விடும். மேடம் ரொம்ப ஜாலி என்று பெயர் வாங்கினேன். அதுவும் அவளுடையதுதான். பிறகு அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தாள்.

ஏட்டையா ஓய்வு பெற்ற அன்று அவரைத் தனியாகப் பிடித்தேன். “ஏன் ஏட்டையா அன்னிக்கு நீங்க சொல்லலை?” என்று கேட்டேன்.

அவர் சொன்னார், “நான் சொல்லியிருந்தா நீ ஏமாத்துக்காரின்னு ஆயிருப்ப. உன் வேலைக்கே ஆபத்து வந்திருக்கும். நீயே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் திருப்பிச் சுடச் சொல்லியிருப்பாங்க. அவ்ளோதான் நடந்திருக்கும்.”

அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு எனக்கு நிம்மதியான தூக்கம் என்று ஒன்று இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் உண்டு. என்னைக் காப்பாற்ற நினைத்தார், ஷமீமை மறந்துவிட்டார். நல்லவர்கள் பேசாமல் இருந்தாலும் ஒருவர் தலையில் போய் விழும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஷமீமைப் பார்க்கப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “அக்கா! இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?” அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருடம் அந்தக் குரலுக்கு ஏங்கியிருக்கிறேன்.

டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் மறுபடியும் சொல்லாமலே வந்துவிடுவேன் என்று எனக்கே என்னைத் தெரியும். என் டார்கெட்டில் இருந்த இரண்டு உன்னுடையது, என்னுடைய இரண்டும் மண்திட்டில் போயிற்று என்றேன். திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. பதவியைப் பற்றிக் கேட்கவில்லை. “அப்போ மாதப்பண்ணனுக்கு பட்டது?” என்றாள்.

“கல்லுதாம்மா.”

“கல்லுதானா?” இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டும் இருந்தாள். “யா அல்லா. யார் மேலயும் படலை. அக்கா, யார் மேலயும் படலையா?”

“படலை.”

அவள் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த ஒரு நிமிடம் எங்கள் பழைய அறையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அப்புறம் அவள் போலீஸ்காரி அல்லவா, யோசிக்க ஆரம்பித்தாள்.

“மண்ணுல பட்டு எகிறிப் போயிருந்தா? ரெண்டுல ஒண்ணு?”

அவள் பயம் திரும்ப வரக்கூடாது என்று அவசரமாகச் சொன்னேன். “இல்லம்மா, எகிறலை. நான் நோண்டிப் பாத்துட்டேன். ரெண்டு குண்டும் திட்டுக்குள்ளயே இருந்துச்சு. எடுத்துப் புதர்ல வீசிட்டேன்.”

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“எப்போ நோண்டினீங்க?”

“அன்னிக்குச் சாயந்திரமே. யாராச்சும் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு.”

உள்ளே ஷிஃப்ட்டுக்கான சங்கு ஊதியது. அவள் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், முகத்தில் கோபம் இல்லை.

“அதுக்கப்புறம் நாலு நாள் கழிச்சித்தானேக்கா, யார் மேலயும் படலைன்னு தெரிஞ்சே, மாதப்பண்ணன் வீட்டுக்கு என்கூட வந்தீங்க?” என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் சாலையைக் கடந்து கேட்டுக்குள் போனாள். அந்தச் சங்கு ஊதி எட்டு மாதம் ஆகிறது. அவள் ஷிஃப்ட் மாறும் நேரங்கள் எனக்கு மனப்பாடம். மகன் வீட்டிலிருந்து அந்த கேட்டுக்கு ஒரே பஸ்தான், பதினைந்து நிமிடம். நான் போகவில்லை. அவள் கூப்பிட்டால் போவேன்.